ஆளுக்கொரு வேலை: ஒரு கீமோ காலத்தின் அனுபவம்

புற்றுநோய் என்று தெரிந்ததும் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும், "எது வேண்டுமானாலும் தயங்காமல் கேளுங்கள்" என்று சொல்வார்கள். மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால், மருந்து ஏறிய மறுநாள் எழுந்து முகம் கழுவுவதற்கே யோசிக்கிற ஒருவருக்கு, யாரிடம் எதைக் கேட்பது, அவர் இப்போது அலுவலகத்தில் இருப்பாரா, கேட்டால் சங்கடப்படுவாரா என்று கணக்குப் போடுவதே தனிப் பாரமாகிவிடுகிறது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சையும், அதைத் தொடர்ந்து ஏறத்தாழ அரை ஆண்டு கீமோதெரபியும் எடுத்துக்கொண்டவன் நான். அந்தக் காலத்தில் என்னைத் தாங்கிப் பிடித்தவர்கள், "இந்த வேலை இனி என்னுடையது" என்று ஏதாவது ஒன்றைப் பெயர் சொல்லி எடுத்துக்கொண்டவர்கள்தான். எந்த வேலை எந்த நாளில் தேவைப்பட்டது என்பதை மருந்தின் போக்கே தீர்மானித்தது. ஆகவே மருந்தைப் பற்றியும் மனிதர்களைப் பற்றியும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் தேவைப்பட்டது இன்னொரு ஜோடிக் காதுகள். அறுவைச் சிகிச்சையின்போது குடலின் நோயுற்ற பகுதியோடு அதைச் சார்ந்த நிணநீர்க் கணுக்கள் என்ற சிறு வடிகட்டி முடிச்சுகளையும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். நோயின் நிலையைச் சரியாகக் கணிப்பதற்குக் குறைந்தது 12 கணுக்களையாவது பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. வேறு உறுப்புகளுக்குப் பரவாமல் இந்தக் கணுக்களை மட்டும் எட்டியிருந்தால் அது மூன்றாம் நிலை. எனக்கு வந்தது அதுதான். "கணுக்களில் இருக்கிறது" என்று மருத்துவர் சொன்ன பிறகு அவர் வெகு நேரம் பொறுமையாக விளக்கினார்; அதில் பாதிகூட என் மனதில் பதியவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த மனைவி ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார். வீடு திரும்பிய பிறகு அந்தப் பக்கங்களைப் படித்துத்தான் எனக்கு என்ன சிகிச்சை நடக்கப்போகிறது என்பதையே முழுமையாகத் தெரிந்துகொண்டேன். கட்டியை எடுத்தாயிற்று, கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாமல் எங்காவது தங்கியிருக்கக்கூடிய அணுக்களை அழிப்பதற்காகவே கீமோ என்ற ஒரு வரியை அவர் அடிக்கோடிட்டிருந்தார். சிகிச்சையின் நோக்கம் என்ன, அது இல்லாவிட்டால் என்ன ஆகும், எந்தத் தொந்தரவுக்குக் காலை வரை காத்திருக்கலாம், எதற்கு நள்ளிரவிலும் அழைக்க வேண்டும், அப்படி அழைக்க வேண்டிய எண் எது ஆகிய கேள்விகளுக்கு அந்த முதல் சந்திப்பிலேயே பதில் வாங்கிவிடுவது நல்லது. நோயாளியால் அன்று கேட்க முடியாது. கூட வருபவர்தான் கேட்க வேண்டும்.

படிக்கும் வேலையை மைத்துனி எடுத்துக்கொண்டார். இணையத்தில் நானாகத் தேடுவதில்லை என்றும், எத்தனை விழுக்காட்டினர் எத்தனை ஆண்டுகள் பிழைக்கிறார்கள் என்ற கணக்குகளை நான் கேட்டாலொழிய யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொண்டோம். அவர் படித்ததையெல்லாம் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக மாற்றி மனைவியின் நோட்டில் சேர்த்தார். அப்படி வந்த ஒரு கேள்வி மிக முக்கியமானது. பெருங்குடல் புற்றுநோய்க்குத் தரப்படும் ஃப்ளூரோயூராசில் என்ற மருந்தை உடலுக்குள் சிதைத்து வெளியேற்றும் டிபிடி என்ற நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அத்தகையவர்களுக்கு வழக்கமான அளவே கடுமையான நச்சுத்தன்மையை உண்டாக்கிவிடலாம். மருந்தைத் தொடங்கும் முன்பே இதைச் சோதித்துப் பார்க்கும்படி ஐரோப்பிய மருந்து முகமை 2020இல் பரிந்துரைத்தது. எல்லா இடங்களிலும் இது தானாகச் செய்யப்படுவதில்லை என்பதால், முதல் டோஸுக்கு முன்பு வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். எனக்குச் சோதித்தார்கள், குறைபாடு இல்லை என்று வந்த பிறகே மருந்து ஏறியது.

தொலைபேசியை அக்கா எடுத்துக்கொண்டார். உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவர் வாரம் ஒரு முறை ஒரே செய்தியை அனுப்பினார்: ரத்த அணுக்களின் எண்ணிக்கை எப்படி இருக்கிறது, அடுத்த கீமோ எப்போது, இந்த வாரம் பார்க்க வரலாமா, கூடாதா. அவ்வளவுதான். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்லி, கடைசியில் எதிர்முனையில் அழுபவரை நானே தேற்ற வேண்டிய நிலைமை அதோடு நின்றது. "தைரியமாக இருக்கச் சொல்லுங்கள், மனம் திடமாக இருந்தால் நோய் ஓடிவிடும்" என்று சொன்னவர்களிடம் அக்கா, "அவன் பயப்படுவதற்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்" என்று பதில் சொல்லிவிடுவாராம். பின்னாளில் தெரிந்தபோது அவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். நோயாளியின் மனநிலைதான் நோயைக் குணமாக்குகிறது என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. சோர்ந்துபோகும் நாளில் அது, நோயோடு சேர்த்துக் குற்ற உணர்வையும் தலையில் ஏற்றிவிடுகிறது.

அக்காவின் வழியாகவே வடிகட்டப்பட வேண்டிய இன்னொன்றும் இருந்தது. உடம்பு தேறட்டும் என்று அன்போடு வாங்கி அனுப்பப்பட்ட சத்து மாத்திரைகளும் மூலிகைப் பொடிகளும் ஒரு மேசையை நிறைத்தன. அவற்றில் பல மாத்திரைகளில் ஃபோலிக் அமிலம் இருந்தது. எங்கள் சிகிச்சை முறையிலேயே ஃப்ளூரோயூராசிலோடு லூகோவோரின் என்ற மருந்தைச் சேர்த்துத் தருகிறார்கள். அது ஃபோலிக் அமிலத்தின் உறவுப் பொருள். புற்றணுவுக்குள் ஃப்ளூரோயூராசிலின் பிடியை இறுக்குவதே அதன் வேலை. அந்தக் கணக்கு ஏற்கெனவே மருத்துவரால் அளந்து போடப்பட்டிருக்கும்போது, வெளியிலிருந்து ஃபோலிக் அமிலத்தைக் கூட்டினால் வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் கடுமையாகக்கூடும். ரத்தம் உறையாமல் இருப்பதற்காக வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கும் ஃப்ளூரோயூராசிலோடு மோதல் உண்டு; வார்ஃபரினின் விளைவு அதிகரித்து ரத்தக் கசிவு ஏற்படலாம். ஆகவே, வீட்டிலிருந்த எல்லா மாத்திரைகளையும் பொடிகளையும் மனைவி ஒரு பையில் போட்டு மருத்துவமனையின் மருந்தாளுநர் முன்பு கொட்டினார். அவர் எடுக்கலாம் என்றவை மட்டும் வீடு திரும்பின. வேண்டாம் என்று சொன்னது மருந்தாளுநர் என்பதால், அனுப்பிய உறவினர்கள் யாரும் வருத்தப்படவும் இல்லை.

இனி மருந்து. ஃபோல்ஃபாக்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் முறையில் ஆக்ஸாலிபிளாட்டின், லூகோவோரின், ஃப்ளூரோயூராசில் ஆகிய மூன்றும் இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை ஏற்றப்படும். ஆக்ஸாலிபிளாட்டின் என்பது பிளாட்டினம் என்ற உலோகத்தின் சேர்மம். மின்புலத்தில் பாக்டீரியாக்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்த விஞ்ஞானி பார்னெட் ரோசன்பெர்க், மின்முனையிலிருந்து கசிந்த பிளாட்டினத்தால் அவை பிரிந்து பெருகுவது நின்றுபோனதை 1965இல் வெளியிட்டார். அதிலிருந்து பிறந்தது சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து. பதினோராண்டு கழித்து, 1976இல், ஜப்பானின் நகோயாவில் யோஷினோரி கிடானி உருவாக்கிய அதன் உறவினமே எனக்கு ஏறிய மருந்து. வேறொன்றைத் தேடப்போய்க் கிடைத்த பொருள் என் நரம்பில் இறங்குகிறது என்ற எண்ணம், மருந்தேற்றும் நாற்காலியில் கழிந்த நீண்ட மணிகளில் எனக்கு ஒரு வேடிக்கையான துணையாக இருந்தது.

இந்த மருந்துக்கே உரிய ஒரு தொல்லை, குளிர்ச்சியைத் தாங்க முடியாமல் போவது. மருந்து ஏறிய சில நாட்களுக்கு ஃப்ரிட்ஜுக்குள் கையை நீட்டினால் விரல் நுனிகளில் மின்சாரம் பாய்ந்தாற்போல இருக்கும். குழாயில் வரும் காலைநேரத் தண்ணீரும், உலோகக் கைப்பிடியும்கூட அப்படித்தான். குளிர்ந்த நீரை ஒரு மிடறு விழுங்கினால் தொண்டை இறுகி, மூச்சு நின்றுவிட்டதோ என்ற பீதி வந்துவிடும். உண்மையில் மூச்சுக்குழாய் அடைபடுவதில்லை. அந்த உணர்வு மட்டுமே நரம்புகளின் குழப்பத்தால் வருகிறது, வெதுவெதுப்பான நீரைப் பருகினால் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். இதை வீட்டிலுள்ள எல்லோரும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் நோயாளியால் விளக்கிச் சொல்ல முடியாது. மகன் அந்த நாட்களில் ஃப்ரிட்ஜின் கதவில் ஒரு சிவப்புத் தாளை ஒட்டிவிடுவான். நான் குடிக்கும் தண்ணீரை வெதுவெதுப்பாக்கிக் குடுவையில் வைப்பதும், கையுறைகளைக் கதவருகே வைப்பதும் அவன் பொறுப்பு. வாய்ப்புண் வராமலிருக்க மருந்து ஏறும்போது பனிக்கட்டியைச் சுவைத்துக்கொண்டிருக்கலாம் என்று ஃப்ளூரோயூராசிலைத் தனியாக எடுத்துக்கொள்கிறவர்களுக்குச் சொல்வதுண்டு. அதே யோசனையை ஆக்ஸாலிபிளாட்டின் எடுத்துக்கொள்பவர் பின்பற்றினால் தொண்டை படும் பாட்டைச் சொல்லி முடியாது. பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்குப் பொருந்தும் ஆலோசனை நமக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

மருத்துவமனையில் மருந்து ஏறி முடிந்த பிறகும் வேலை முடிவதில்லை. ஃப்ளூரோயூராசிலின் பெரும்பகுதி 46 மணி நேரம் சொட்டுச் சொட்டாக உள்ளே போக வேண்டும். அதற்காக, காறை எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் போர்ட் என்ற சிறு கிண்ணத்தைப் பதித்து, அதில் ஊசியைப் பொருத்தி, ஒரு பம்போடு வீட்டுக்கு அனுப்புவார்கள். எனக்குத் தந்ததில் மோட்டாரோ சத்தமோ கிடையாது. உறுதியான பிளாஸ்டிக் புட்டிக்குள் மருந்து நிறைந்த ஒரு ரப்பர்ப் பை இருக்கும். அது மெல்லச் சுருங்கச் சுருங்க மருந்து உள்ளே இறங்கும். இடுப்பில் ஒரு பையில் மாட்டிக்கொண்டே தூங்க வேண்டும், நடக்க வேண்டும். பை சுருங்குகிறதா, குழாய் எங்காவது மடிந்திருக்கிறதா, ஊசி குத்திய இடத்தில் ஈரமோ வீக்கமோ தெரிகிறதா என்று காலையும் மாலையும் பார்ப்பது மனைவியின் வேலை. மருந்து கசிந்தால் வெறுங்கையால் தொடாமல் என்ன செய்ய வேண்டும் என்பதை மருத்துவமனையில் செய்து காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டோம்.

இன்னொரு விஷயத்தை வீட்டில் வெளிப்படையாகப் பேச வேண்டியிருந்தது. மருந்தின் எச்சம் சிறுநீரிலும் மலத்திலும் வாந்தியிலும் ஏறத்தாழ இரண்டு நாட்களுக்கு வெளியேறும். கழிப்பறையை மூடிவைத்து இரண்டு முறை தண்ணீர் விடுவது, அழுக்கான துணிகளைக் கையுறை அணிந்து தனியாகத் துவைப்பது, துடைத்த பிறகு கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுவது ஆகியவை அதற்கான ஏற்பாடுகள். என் துணியை எடுக்க மனைவி கையுறை மாட்டியபோது எனக்கு ஒரு கணம் மனம் சுருங்கியது உண்மை. ஆனால் அன்று மாலையே மகள் வாசலில் நின்றுகொண்டு, "அப்பா, உங்களைக் கட்டிப் பிடிக்கலாமா?" என்று கேட்டாள். தாராளமாகக் கட்டிப் பிடிக்கலாம், தொடுவதாலும் பக்கத்தில் படுப்பதாலும் எதுவும் ஒட்டிக்கொள்ளாது என்று செவிலியர் சொல்லியிருந்ததை அப்படியே சொன்னேன். பிள்ளைகளிடம் நோயின் பெயரை மறைக்கக் கூடாது என்பது என் கருத்து. மறைத்தால், வீட்டின் முகங்களைப் பார்த்து அவர்களே ஒரு கதையைக் கட்டிக்கொள்கிறார்கள். அந்தக் கதையில் பெரும்பாலும் தாங்கள் செய்த ஏதோ ஒரு தவறுதான் காரணமாக இருக்கும். நோயின் பெயர், அது தொற்றாது, யாராலும் வரவில்லை, அவர்களை யார் பள்ளிக்குக் கூட்டிப்போவார்கள் என்பது ஆகிய நான்கையும் சொன்னால் போதும். மீதியை அவர்கள் கேட்கும்போது சொல்லலாம்.

எல்லாவற்றையும்விட உயிருக்கு நெருக்கமான பாடம் காய்ச்சலைப் பற்றியது. வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்குவதே கீமோ மருந்துகளின் இயல்பு என்பதால், புற்றணுக்களோடு, ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையும் அடிபடுகிறது. மருந்து ஏறிய 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளையணுக்கள் பொதுவாக மிகவும் குறைந்திருக்கும். அப்போது வரும் காய்ச்சல், மற்றவர்களுக்கு வரும் காய்ச்சலைப் போன்றதன்று. சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்கத் தொற்று பரவிவிடலாம். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை வெப்பமானி காட்டினால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மருத்துவமனையைக் கேட்காமல் பாராசிட்டமாலும் போடக் கூடாது, ஏனென்றால் அது காய்ச்சலை மறைத்துவிடும், தொற்றை மறைக்காது. இதற்காகவே என் நண்பர் ஒருவர், "ராத்திரி வண்டி என் பொறுப்பு, எந்த மணியானாலும் கூப்பிடு" என்று சொல்லி, அந்த அபாய வாரங்களில் தன் கைப்பேசியைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஏற்பாடு ஓர் இரவு தேவைப்பட்டது. குளிர் நடுக்கத்தோடு விழித்தேன்; மனைவி வெப்பமானியை வைத்துப் பார்த்தார், 38.4. நண்பர் வந்துவிட்டார். அவசரப் பிரிவின் முகப்பில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வரிசையில் உட்காரச் சொன்னார். பார்வைக்கு நான் அவ்வளவு மோசமாக இருக்கவில்லை. மனைவி உட்காரவில்லை. கீமோ எடுத்துக்கொள்பவர், மருந்துகளின் பெயர், கடைசியாக ஏறிய தேதி, காய்ச்சல் வந்தால் உடனே ரத்தப் பரிசோதனையும் நரம்பு வழி நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தும் (ஆன்டிபயாடிக்) தேவை என்று புற்றுநோய்ப் பிரிவினர் எழுதிக் கொடுத்திருந்த அட்டையை எடுத்து மேசையில் வைத்து, "மணி இப்போது என்ன என்று இதில் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. சில நிமிடங்களில் உள்ளே அழைத்தார்கள். இத்தகைய காய்ச்சலுக்கு வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து ஏறிவிட வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் இலக்கு. அந்த அட்டையின் ஒரு நகலை வண்டியிலும் ஒன்றை நோயாளியின் பணப்பையிலும் வைத்திருங்கள். உடன் வருபவர் அதிலுள்ளதைப் பார்க்காமலே சொல்லும் அளவுக்குத் தெரிந்து வைத்திருப்பது இன்னும் நல்லது.

குமட்டலைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. இப்போதுள்ள மருந்துகள் அதைப் பெருமளவு அடக்கிவிடுகின்றன. வாந்தி வந்த பிறகு போடலாம் என்று காத்திருக்காமல், எழுதிக் கொடுத்த வேளையிலேயே போட வேண்டும் என்பது மட்டும் முக்கியம். குமட்டலைத் தடுக்கும் ஓண்டான்செட்ரான் என்ற மருந்து மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதால், குடலில் அறுவைச் சிகிச்சை ஆனவர்கள் அதற்கும் முன்கூட்டியே வழி கேட்டுக்கொள்ள வேண்டும். குமட்டலுக்காகச் சேர்த்துத் தரும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு வேறு ரகம். அது தூக்கத்தைக் கெடுக்கும், சர்க்கரையை ஏற்றும், சிலரைச் சிடுசிடுப்பாக்கும். என்னை ஆக்கியது. அந்த இரண்டு மூன்று நாட்களில் நான் கோபப்பட்டால் மகனும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "அப்பா இல்லை, மாத்திரை" என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அது என் காதில் விழும்போது சில நேரம் எனக்கே சிரிப்பு வந்துவிடும். எந்த மாத்திரை எந்த நாளில் மனநிலையைப் புரட்டும் என்று நாட்காட்டியில் குறித்து வைத்தால் வீட்டில் பல சண்டைகள் தொடங்காமலே போகும்.

மனைவியின் நோட்டுப் புத்தகம் தன் முழுப் பயனைக் காட்டியது சிகிச்சையின் பிற்பாதியில். ஆக்ஸாலிபிளாட்டினின் அளவு உடலில் சேரச் சேர, குளிர்ச்சியைத் தொட்டால் வரும் கூச்சம் போய், விரல்களும் பாதங்களும் எப்போதுமே மரத்துப்போன நிலை வரத் தொடங்கும். மருத்துவர் கேட்டால், பெரும்பாலான நோயாளிகள் "கொஞ்சம் இருக்கிறது, பரவாயில்லை" என்பார்கள், மருந்தைக் குறைத்துவிடுவாரோ என்ற பயம்தான் காரணம். "கொஞ்சம்" என்பதை வைத்து மருத்துவர் எதையும் முடிவு செய்ய முடியாது. மனைவி எழுதி வைத்திருந்தது வேறு விதமானது: முதல் மாதத்தில் சட்டைப் பொத்தான்களைத் தானே போட்டார், மூன்றாம் மாதத்தில் மேல் பொத்தான் மட்டும் முடியவில்லை, இப்போது எதையும் போட முடியவில்லை, காலணி கழன்றதே தெரியாமல் நடந்தார். மருத்துவர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, ஆக்ஸாலிபிளாட்டினை நிறுத்தி மற்ற இரண்டை மட்டும் தொடர முடிவெடுத்தார். இப்படி இடையில் நிறுத்துவது வழக்கத்துக்கு மாறானதன்று. நிலையான நரம்புச் சேதத்தைத் தவிர்க்க அடிக்கடி செய்வதுதான். மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதங்களுக்கு மரமரப்பு கூடிவிட்டுத்தான் குறையத் தொடங்கும் என்பதையும் முன்பே சொல்லிவிட்டார்கள், சொல்லாமலிருந்தால் மிரண்டிருப்பேன்.

இவ்வளவு சொல்லும்போது, அந்த நோட்டை எழுதிய மனைவியை யார் கவனித்தார்கள் என்ற கேள்வி எழ வேண்டும். பராமரிப்பவர் சோர்ந்துபோவது சிகிச்சை தொடங்கும்போது தெரியாது. மூன்று நான்கு மாதங்கள் கழித்தே தெரியும். மனைவி தன் ரத்த அழுத்த மாத்திரையை மறக்கத் தொடங்கியிருந்ததைக் கவனித்தது மைத்துனிதான். அதன்பின் ஒரு விதி ஏற்பட்டது: பம்பைக் கழற்றிய மறுநாள் முழுவதும் மைத்துனி எங்கள் வீட்டில் இருப்பார், மனைவி வெளியே போய்விட வேண்டும். எங்கே போகிறார் என்று நான் கேட்கக் கூடாது, திரும்பி வந்ததும் என் உடல்நிலையைப் பற்றி அவர் விசாரிக்கவும் கூடாது. தொடக்கத்தில் மனைவி மறுத்தார். என்னிடம் கேட்டால், நோயாளி செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, தன்னைக் கவனிப்பவர் வெளியே போகும்போது முகத்தைத் தொங்கப்போடாமல் வழியனுப்புவதுதான். எங்கள் இருவருக்கும் அழ வேண்டியிருந்தது. ஒருவர் முன்னால் ஒருவர் அழலாம் என்று பேசி முடிவு செய்த பிறகு வீட்டில் மூச்சு விடுவது சுலபமாயிற்று. அதற்கும் மேலே வேண்டியிருந்தால் மருத்துவமனைகளில் உள்ள உளநல ஆலோசகர் நோயாளிக்கு மட்டுமன்றிக் குடும்பத்தாருக்கும் நேரம் தருவார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

களைப்பைப் பற்றி ஒன்று. கீமோ தரும் களைப்பு தூங்கினால் தீர்வதில்லை. மாறாக, மெல்ல நடந்தால் சற்றுக் குறைகிறது. இதை நம்புவது கடினம், ஆகவே நடக்க ஒரு துணை வேண்டும். ராத்திரி வண்டியை ஏற்ற அதே நண்பர் மாலை நடையையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். தெருமுனை வரை போய்த் திரும்புவதே பல நாட்கள் எங்கள் எல்லையாக இருந்தது. கீமோ முடிந்த பெருங்குடல் புற்றுநோயாளிகள் 889 பேரை வைத்து நடத்தப்பட்ட சேலஞ்ச் என்ற ஆய்வின் முடிவுகள் 2025இல் வெளியாயின. பயிற்சியாளரின் துணையோடு மூன்று ஆண்டுகள் உடற்பயிற்சி செய்தவர்களில் 80 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டுகளின் முடிவில் நோய் திரும்பாமல் இருந்தனர். அறிவுரைக் கையேடுகளை மட்டும் பெற்றவர்களில் அது 74 விழுக்காடு. அந்த ஆய்வில் என்னைக் கவர்ந்தது, கையேடு கொடுத்ததற்கும் ஓர் ஆள் கூடவே நின்றதற்கும் இடையிலான வித்தியாசம். என் நண்பர் அந்தச் செய்தியை அறிந்த நாளிலிருந்து மழையைக்கூடச் சாக்காக ஏற்பதில்லை.

கடைசிக் கீமோ முடிந்ததும் எல்லோரும் வாழ்த்தினார்கள், பிறகு அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். அது நியாயம்தான். ஆனால் எனக்கு மிகவும் தனிமையாக இருந்தது அதற்குப் பிந்தைய வாரங்கள். இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை யாரோ ஒருவர் ரத்தத்தைப் பரிசோதித்து, நாடியைப் பார்த்து, நன்றாக இருக்கிறீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது சட்டென்று நின்றுபோனது. இனி சில மாதங்களுக்கு ஒரு முறை, நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் சிஇஏ என்ற ரத்தப் பரிசோதனை, குறித்த காலத்தில் சிடி ஸ்கேன், அறுவைச் சிகிச்சையிலிருந்து ஓராண்டில் குடல் உள்நோக்கிப் பரிசோதனை (கொலனோஸ்கோபி). ஒவ்வொன்றுக்கும் முந்தைய வாரம் தூக்கம் கெடும். பரிசோதனை நாளுக்கும் மருத்துவர் முடிவைச் சொல்லும் நாளுக்கும் இடையில் அதிக இடைவெளி விழாதபடி இரண்டு தேதிகளையும் சேர்த்தே வாங்கிவிடுவது அக்காவின் புதிய வேலையாயிற்று. நோயாளிக்குத் துணையாக இருக்க விரும்புகிறவர்கள், சிகிச்சை முடிந்த மூன்றாவது மாதத்தில் ஒரு முறை அழைத்துப் பாருங்கள். அப்போது அழைப்பவர்கள் மிகக் குறைவு.

இந்த நோய் குடும்பத்திடம் வைக்கும் கோரிக்கை ஒன்று மிச்சமிருக்கிறது. பெருங்குடல் புற்றுநோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கு அந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கட்டியின் திசுவைச் சோதித்து, லிஞ்ச் கூட்டறிகுறி என்ற பரம்பரைக் குறைபாட்டின் தடயம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 50 விழுக்காடு வாய்ப்போடு கடத்தப்படும், பரிசோதனைகளையும் இளவயதிலேயே தொடங்க வேண்டும். எனக்கு அது இல்லை. அப்படியிருந்தும், உடன்பிறந்தவர்கள் 40 வயதில், அல்லது குடும்பத்தில் ஒருவருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்னதாக, இவற்றில் எது முந்தியதோ அப்போது குடல் உள்நோக்கிப் பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்பது பரவலான வழிகாட்டுதல். அக்கா மறுபேச்சில்லாமல் போனார். அவருக்குள் ஒரு சிறு முளை இருந்தது; குடலில் தோன்றும் இத்தகைய முளைகளில் சில, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக மாறக்கூடியவை. அந்தப் பரிசோதனையின்போதே அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். தம்பி இதுவரை ஒவ்வொரு தேதியையும் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தள்ளிப்போட்டு வந்தான். இந்த முறை தேதியை அக்காவே வாங்கிவிட்டார். மயக்க மருந்து தருவதால் தனியாக வந்தால் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள், கூட ஒருவர் வந்தே ஆக வேண்டும் என்பது விதி. அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.